ஒரு நெருப்பு, இரண்டு கணக்கு

(பெங்களூரில் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாத மாலையில், மண்டியா பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடை அருகே நின்றுகொண்டிருந்தேன். கரும்பு வண்டிகளின் வரிசை பெரிய சாலை வரை நீண்டு கிடந்தது. நான் பாய்லர் வேலையாக வந்தவன் என்று தெரிந்துகொண்டு, டிராக்டரில் கரும்பு கொண்டுவந்த ஒரு விவசாயி பக்கத்தில் வந்தார். அவர் கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன். "சார், எங்க கரும்பிலிருந்து கரண்ட் எடுத்து விக்கிறாங்களாமே, நெசமா? ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் வரும்?"

முப்பது ஆண்டுகளாக நீராவிக் குழாய்களோடு வாழ்ந்தவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் அதை ஒரு விவசாயியிடம் அதுவரை சொன்னதே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. "நல்ல ஆலையாக இருந்தால் ஆலைச் செலவு போக நூறு யூனிட் வரை வெளியே விற்கலாம்" என்றேன். அவர் திரும்பித் தம் வண்டியைப் பார்த்தார். பதினைந்து டன் இருக்கும். "அப்படீன்னா எங்க வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேல வர்ற கரண்ட் இந்த ஒத்த வண்டியில போகுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரி சொன்னார். அதற்குள் வரிசை நகர்ந்தது, அவர் போய்விட்டார்.

அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த முழுப் பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

அடுப்படியிலிருந்து தொடங்கலாம். நம் தெருமுனை தர்ஷினி உணவகத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு இட்லி வேகிறது. இட்லி வேக நூறு டிகிரி போதும். அந்த நூறு டிகிரிக்காக அடியில் எரியும் வாயுச் சுடரோ ஆயிரம் டிகிரியைத் தாண்டியது. நடுவில் உள்ள தொள்ளாயிரம் டிகிரியும் ஒரு வேலையும் செய்யாமல் இறங்கி வருகிறது. அருவி விழுகிற இடத்தில் சக்கரம் வைக்காமல், அடிவாரக் குட்டையில் குடத்தால் தண்ணீர் மொள்வதற்குச் சமம் இது. மின் நிலையத்தில் தலைகீழ். அங்கே உச்சியிலிருந்து சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் எடுத்துக்கொண்டு, அடிவாரத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். நூறு பங்கு நிலக்கரியை எரித்தால் முப்பத்தைந்து பங்கு மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அந்த ராட்சத கூலிங் டவர்களின் வழியே வெண்ணிற நீராவியாக வானத்துக்குப் போகிறது.

இந்த இரண்டையும் ஒரே நெருப்பில் சேர்த்தால் அதுதான் இணை மின் உற்பத்தி. ஆலைத் தொழிலாளிகள் சுருக்கமாகக் 'கோஜென்' என்பார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது: மின்சாரத்தையும் சேர்த்து, பயனுள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆற்றல் வடிவங்களை ஒரே நேரத்தில் தரும் செயல்முறை. அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு, இதை ஊக்குவிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கடமை என்றும் சொல்கிறது.

கர்நாடகத்தில் வெப்பத்தைப் பற்றி யோசிக்கும் பழக்கம் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மண்ணின் மின்சாரம் தண்ணீரில் பிறந்தது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் எத்தனை பேர் வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் ஆட்கள் என்பது இங்கே இருக்கும் பல குடும்பங்களுக்குத் தெரியும். 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. அப்புறம் ஜோக், ஷராவதி. நீர்மின்சாரத்தில் வீண்வெப்பம் என்ற பேச்சே இல்லை. மாநிலத்தின் முதல் பெரிய அனல் நிலையம் ராய்ச்சூரில் வந்தது 1985-இல்தான். அதனால் இங்கே திட்டமிடுகிறவர்களின் மனத்தில் மின்சாரம் என்பது அணையிலிருந்து கம்பி வழியாக வருவது. நீராவியோ ஆலைக்காரனின் சொந்த விவகாரம். இந்தப் பிரிவினை காகிதத்திலும் தொடர்ந்தது. மின்சாரத்துக்கு ஒரு துறை, ஒரு ஆணையம், ஒரு விலைப்பட்டியல் இருக்கின்றன. வெப்பத்துக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது.

ஆனால் வெப்பமும் மின்சாரமும் ஒரே கூரையின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் தேவைப்படும் இடம் ஒன்று நம் கண் முன்னாலேயே இருந்தது. கிருஷ்ணராஜசாகர் அணைத் தண்ணீர் மண்டியாவுக்கு வந்ததும், மைசூர் அரசின் வேளாண்துறை இயக்குநராக இருந்த லெஸ்லி கோல்மன் முனைந்து நின்றதால், 1933-இல் அங்கே மைசூர் சர்க்கரைக் கம்பெனி உருவானது. அன்றிலிருந்தே சர்க்கரை ஆலை தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும் ஆலைதான்.

ஆலைக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். அரவைத் தொகுதிகள் வரிசையாக நிற்கும். கடைசி ரோலரைத் தாண்டி வரும் சக்கையைக் கையில் அள்ளினால் வெதுவெதுப்பாக, பஞ்சு மாதிரி நார் நாராக இருக்கும். எவ்வளவு இறுக்கிப் பிழிந்தாலும் சொட்டு வராது. இருந்தும் அதன் எடையில் சரிபாதி தண்ணீர். ஒரு டன் கரும்பு அரைத்தால் 300 கிலோ சக்கை. அந்தச் சக்கை நேராகப் பாய்லருக்குப் போகிறது. ஒரு டன் சக்கை இரண்டே கால் டன்னுக்குக் குறையாமல் நீராவி தரும். அந்த நீராவி டர்பைனைச் சுற்றிவிட்டு, அழுத்தம் இறங்கி, நூற்றிருபது நூற்று முப்பது டிகிரியில் வெளியே வந்து, கரும்புச் சாற்றைக் காய்ச்சப் போகிறது. கூலிங் டவருக்குப் போக வேண்டிய வெப்பம் இங்கே சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறது. இதை மிஞ்சிய பொருத்தம் தொழில் உலகில் அதிகம் இல்லை.

பழைய ஆலைகளில் பாய்லர் 'இருபத்தோரு கிலோ' பிரஷரில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தத்தில், ஓடும். அதில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பன்னிரண்டு கிலோ நீராவி வேண்டும். புதிய ஆலைகளில் எண்பத்தேழு கிலோ, நூற்றுப் பத்து கிலோ. வெப்பநிலை ஐந்நூறு டிகிரிக்கு மேல். அதில் ஐந்தரை கிலோ நீராவியிலேயே ஒரு யூனிட் வந்துவிடும். அழுத்தத்தை இப்படி உயர்த்த எவ்வளவு கூடுதல் எரிபொருள் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? பத்துப் பன்னிரண்டு சதவீதம். கிடைப்பதோ இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம். பாகு காய்ச்சத் தேவையான வெப்பம் இரண்டிலும் ஒன்றேதான்.

அப்படியானால் பழைய ஆலைகள் ஏன் இதைச் செய்யவில்லை? பொறியாளர்களுக்கு அறிவு போதாததால் அல்ல. கூடுதல் மின்சாரத்தை வாங்க ஆள் இல்லை. மலைபோல் குவியும் சக்கை தீப்பிடிக்கும், மழையில் நனைந்து புளிக்கும். அதை ஒழித்துக்கட்டுவதுதான் பாய்லரின் வேலையாக இருந்தது. சக்கை மிஞ்சக் கூடாது என்பதற்காகவே திறன் குறைந்த பாய்லரை வைத்திருந்த காலம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஃபோர்மேன் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, "சீசன் முடியும்போது யார்டு காலியா இருக்கணும் தம்பி" என்பதுதான். அவர் சொன்னது அன்றைய விலைவாசிக்கு முற்றிலும் சரியான பொருளாதாரம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். தயிரைக் கடைந்தால் வெண்ணெயும் வருகிறது, மோரும் வருகிறது. வெண்ணெயின் அடக்கவிலை என்ன? மோரின் அடக்கவிலை என்ன? பாலின் விலை தெரியும், கடைந்த கூலி தெரியும், மொத்தம் தெரியும். ஆனால் அதை இரண்டாகப் பிரிக்கும் கோடு பானைக்குள் இல்லை. மோருக்கு ஆள் வந்தால் வெண்ணெய் மலிவு. மோரைச் சாக்கடையில் கொட்டினால் முழுச் செலவும் வெண்ணெய் தலையில்.

கோஜெனும் அதே பானைதான். நூறு பங்கு எரிபொருளில் இருபத்தைந்து பங்கு மின்சாரமும் ஐம்பத்தைந்து பங்கு வெப்பமும் எடுக்கும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதே மின்சாரத்தைத் தனி நிலையத்தில் செய்தால் எழுபத்தொரு பங்கு எரிபொருள் வேண்டும். அதே வெப்பத்தை நல்ல பாய்லரில் செய்தால் அறுபத்தைந்து. ஆக 136 பங்கு வேலை நூறில் முடிகிறது. இந்த முப்பத்தாறு பங்கு லாபம் யாருடையது? முழுவதையும் மின்சாரத்தின் பெயரில் எழுதினால், இருபத்தைந்து பங்கு மின்சாரம் முப்பத்தைந்து பங்கு எரிபொருளில் வந்ததாகும். எந்த அனல் நிலையமும் கிட்டே வர முடியாத மலிவு. முழுவதையும் வெப்பத்தின் பெயரில் எழுதினால், மின்சாரம் வழக்கமான விலைக்கே நிற்கும். வெப்பம் பாதி விலைக்குக் கீழே போய்விடும். இரண்டுமே இயற்பியலுக்கு ஒத்தவை. எந்தக் கோட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதை அதிகாரமும் பேரமும்தான் முடிவு செய்கின்றன. இந்தத் தொழிலில் நடக்கும் எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இந்த முப்பத்தாறு பங்கில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வெப்பம் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின் நிலையத்தின் கடைசி வாசலில் வெளியேறும் தண்ணீர் நாற்பது டிகிரிதான் இருக்கும். குளிக்க ஆகும், பாகு காய்ச்ச ஆகாது. நூற்று முப்பது டிகிரியில் நீராவி வேண்டும் என்றால் டர்பைனின் நடுவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே எடுக்கிற ஒவ்வொரு டன்னும் இன்னும் கொஞ்சம் சுற்றியிருக்க வேண்டிய டன். இழந்த அந்த மின்சாரம்தான் வெப்பத்தின் உண்மையான விலை.

இப்போது ஒரு நாளைக்கு ஐயாயிரம் டன் அரைக்கும் ஆலையைப் பார்ப்போம். முப்பது மெகாவாட் டர்பைன் வைக்கலாம். ஆலைக்குப் போக இருபத்திரண்டு மெகாவாட் வெளியே அனுப்பலாம். மெகாவாட்டுக்கு ஐந்து கோடி என்று வைத்தால் முதலீடு 150 கோடி. வட்டியும் தேய்மானமும் பராமரிப்பும் சேர்த்து ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம் என்றால் இருபத்திரண்டரை கோடி. யூனிட் நான்கு ரூபாய்க்கு விற்போம். ஆலை 160 நாள் ஓடினால் எட்டரைக் கோடி யூனிட் போகும். சுமார் முப்பத்து நான்கு கோடி ரூபாய் வரும். நல்ல லாபம். மழை பொய்த்து, கரும்பு குறைந்து, நூறு நாளில் அரவை நின்றுவிட்டால்? இருபத்தொரு கோடிதான் வரும். வங்கிக்குக் கட்டவே காணாது. இயந்திரம் அதேதான், விலையும் அதேதான். அறுபது நாள் கரும்புதான் லாபத்தையும் நஷ்டத்தையும் பிரிக்கிறது. ஆக, வங்கி மேலாளருக்குக் கொடுக்கப்படும் திட்ட அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் காவிரியும் கிருஷ்ணாவும் ஓடுகின்றன.

வாங்க ஆள் இல்லாத காலம் மாறியது எப்படி? 1978-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கோஜென் நிலையம் மின்சாரம் கொடுத்தால் மின் நிறுவனம் வாங்கியே ஆகவேண்டும். அதைத் தானே உற்பத்தி செய்ய ஆகியிருக்கும் செலவு மிச்சமாகிறதல்லவா, அந்த அளவு விலை தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். நம் நாட்டில் 1990-களில் மத்திய மரபுசாரா எரிசக்தித் துறை, 1994-95-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, ஆண்டுக்கு ஐந்து சதவீதம் உயர்வு என்று வழிகாட்டியது. அந்த ஒரு வரிதான் ஆலைகளின் யார்டுகளில் கிடந்த குப்பையைச் சொத்தாக மாற்றியது. இன்று நாடு முழுவதும் சக்கையையும் பிற வேளாண் கழிவுகளையும் எரிக்கும் மின் நிலையங்கள் 9,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கின்றன. கர்நாடகத்தில் மட்டும் சக்கை மின் நிலையங்கள் 1,500 மெகாவாட்டுக்கு மேல். பெரும்பகுதி பெளகாவி, பாகல்கோட்டை, விஜயபுரா பக்கம்.

அந்த மின்சாரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அரவை அக்டோபர் நவம்பரில் தொடங்கி மார்ச் ஏப்ரல் வரை போகும். மழைக்காலம் முடிந்து அணைகள் இறங்கிக்கொண்டே வரும் மாதங்கள் அவை. ஷராவதி களைக்கும்போது கரும்பு தோள் கொடுத்தது. ஆனால் 2017-இல் ராஜஸ்தான் பட்லாவில் சூரிய மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கு மேல் சூரியப் பூங்கா எழுந்தது. பகலில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது நான்கு, ஐந்து ரூபாய்க்குச் சக்கை மின்சாரம் எதற்கு என்று மின் விநியோக நிறுவனங்கள் கேட்கின்றன. பகலுக்கு அது நியாயமான கேள்வி. சூரியன் மறைந்த பிறகு? 2023 அக்டோபரில் வறட்சி வந்தபோது, இதே மாநில அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் கையில் எடுத்து, மாநிலத்து மின் உற்பத்தியாளர்கள் வெளியே விற்கக் கூடாது, இங்கேயே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பஞ்ச காலத்தில் ஆணையிட்டு வாங்கும் பொருளுக்கு, நல்ல காலத்தில் ஒரே தட்டையான விலை வைப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. சக்கையைக் குவித்து வைக்கலாம். சூரியனைக் குவித்து வைக்க பேட்டரி வேண்டும். மாலை ஆறிலிருந்து பத்து வரை ஒரு விலை, பகலுக்கு ஒரு விலை என்று வைத்தால், ஆலைகள் பகலில் பாய்லரை அடக்கி, சக்கையை மிச்சப்படுத்தி, இரவில் எரிக்கப் பழகிக்கொள்ளும்.

சக்கையைக் கேட்டு வேறு ஆட்களும் வாசலில் நிற்கிறார்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு காகித ஆலை 1980-களிலிருந்து சக்கையில் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகளுக்குப் பதில் எரிபொருளும் நீராவியும் கொடுத்துவிட்டு அவற்றின் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் அன்றே செய்தார்கள். நார் காகிதமாகட்டும், நெருப்பு நிலக்கரியிலிருந்து வரட்டும் என்பது அந்தப் பண்டமாற்றின் கணக்கு. இப்போது எத்தனால் வந்திருக்கிறது. வடிசாலைக்கும் நீராவி வேண்டும். மின்சாரமாகப் போயிருக்க வேண்டிய நீராவி, பெட்ரோலில் கலக்கும் சாராயத்தைக் காய்ச்சப் போகிறது. சக்கையின் விலை என்ன என்று கேட்டால், அதை வேறு யார் என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்பதுதான் பதில்.

இந்த நகரத்துக்கு வருகிறேன். பெங்களூரில் கோஜென் சாத்தியமா என்று இங்கே இருக்கும் இளம் நண்பர்கள் இருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள்.

குளிர்நாடுகளில் நகரமே வெப்பத்தின் வாடிக்கையாளர். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரை பேட்டர்சீ மின் நிலையத்தின் வீண்வெப்பம், 1950 முதல் ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே போய், எதிர்க்கரை பிம்லிகோ குடியிருப்பைச் சூடேற்றியது. டென்மார்க் 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டு, 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்தது. இன்று அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வெந்நீர் தெருக்குழாயில் வருகிறது. மூவாயிரம் அடி உயரத்தில், வருடம் முழுக்க இதமாக இருக்கும் நம் ஊரில் வீட்டைச் சூடேற்ற யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். எலகங்காவில் 2024-இல் திறக்கப்பட்ட 370 மெகாவாட் எரிவாயு மின் நிலையத்தைச் சிலர் கோஜென் என்று நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. கேஸ் டர்பைனின் புகைவெப்பத்தில் நீராவி செய்து, அதிலும் மின்சாரமே எடுக்கிறது. சிக்கனமான நிலையம்தான், ஆனால் அடிவாரத்து வெப்பத்துக்கு அங்கேயும் வாடிக்கையாளர் இல்லை.

சிறிய அளவில் பார்ப்போம். தாபோல்-பெங்களூர் குழாய் 2013-இல் திறந்ததிலிருந்து நகருக்கு இயற்கை எரிவாயு வருகிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேஸ் எஞ்சின் வாங்குகிறது. எரிவாயு ஒரு கன மீட்டர் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் பத்து யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. எஞ்சின் நான்கு யூனிட் மின்சாரம் தரும்; குளிர்விக்கும் நீரிலும் புகையிலுமாக இன்னொரு நான்கு யூனிட் வெப்பத்தை மீட்கலாம். அந்த வெப்பத்தை வீணடித்தால் மின்சாரம் யூனிட் பன்னிரண்டரை ரூபாய். யாரும் வாங்க மாட்டார்கள். அதே வெப்பம் துணி வெளுக்கவும் கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கவும் சமையலுக்கும் போனால், பாய்லரில் எரித்திருக்க வேண்டிய கிட்டத்தட்ட அரைக் கன மீட்டர் வாயு மிச்சம். இருபத்து மூன்று ரூபாய். மின்சாரத்தின் எரிபொருள் செலவு ஆறே முக்கால் ரூபாய்க்கு இறங்கிவிடும். பராமரிப்பும் கடனும் தனி. இருந்தாலும் வணிக மின்கட்டணத்தோடு நின்று மோதக்கூடிய விலை அது.

ஐ.டி. பூங்காக்காரர்கள், "எங்களுக்கு வெந்நீர் வேண்டாம், குளிர்ச்சி வேண்டும், வெப்பத்தைக் குளிராக்கும் அப்சார்ப்ஷன் எந்திரம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நான்கு யூனிட் வெந்நீர் வெப்பத்திலிருந்து அது மூன்று யூனிட்டுக்கும் குறைவான குளிர்ச்சி தரும். நல்ல மின்சாரச் சில்லர் ஒன்று, அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரத்தில் அதே குளிர்ச்சியைத் தந்துவிடும். யூனிட் எட்டு ரூபாய் என்றால் நீங்கள் மிச்சப்படுத்தியது நாலரை ரூபாய். வெந்நீராக இருபத்து மூன்று ரூபாய் பெற்ற அதே வெப்பம், குளிராக மாறியதும் நாலரை ரூபாய் ஆகிவிடுகிறது. இரட்டைக் கட்ட எந்திரம் வைத்தால் கொஞ்சம் தேறும்; படம் மாறாது. டீசல் ஜெனரேட்டரை நம்பி இருபது ரூபாய்க்கு மேல் யூனிட் ஓட்டுகிற கட்டடங்களுக்கு இதுவும் லாபமாகத் தெரியலாம். ஒழுங்காக மின் இணைப்பு உள்ள இடத்தில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் 'அஸ்த்ரா' என்ற அமைப்பைத் தொடங்கிய அமூல்யா ரெட்டி, வாழ்நாள் முழுவதும் ஒன்றை வலியுறுத்தினார். மக்களுக்கு வேண்டியது ஆற்றல் அன்று. அது செய்து தரும் பணி. விளக்கின் வெளிச்சம், வெந்த சோறு, இறைத்த தண்ணீர். அங்கிருந்து கணக்கைத் தொடங்கினால் பெங்களூரின் காலை நேர கீசர்கள் எவ்வளவு பெரிய பிழை என்பது தெரியும். நூறு பங்கு நிலக்கரியில் முப்பத்தைந்து பங்கு மின்சாரம் செய்து, கம்பியில் கொண்டுவந்து, அதை மறுபடி நாற்பது டிகிரி வெந்நீராக்குகிறோம். ராய்ச்சூரில் அதே நாற்பது டிகிரியை வானத்தில் கொட்டிவிட்டு வந்திருக்கிறோம். மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி வைத்த வீடுகளுக்கு மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஐம்பது காசு தள்ளுபடி தந்தது இந்த ஊர். அது வெப்பத்தின் விலையை ஒப்புக்கொண்ட சிறிய, நல்ல ஏற்பாடு.

மண்டியா விவசாயியிடம் திரும்புகிறேன்.

டன்னுக்கு நூறு யூனிட், யூனிட் நான்கு ரூபாய் என்றால் ஒரு டன் கரும்பிலிருந்து நானூறு ரூபாய் மின்சாரம் வெளியே போகிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். அதிலேயே வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் அடக்கம். அந்த விலையைக் கணிக்கும்போது சக்கையின் மதிப்பும் பார்க்கப்படுகிறது, சக்கையாகத்தான் பார்க்கப்படுகிறது. டர்பைனைத் தாண்டிய பிறகு அது பெறும் விலை விவசாயியின் ஏட்டுக்கு வருவதில்லை. சர்க்கரை லாபத்தில் விவசாயிக்குப் பங்கு தரும் விதி ஒன்று 1974-இல், பார்கவா கமிஷன் பரிந்துரையால் வந்தது. 2009-இல் அது நீக்கப்பட்டது. 2012-இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு துணைப்பொருள்களின் வருமானத்தையும் சேர்த்து எழுபது சதவீதம், அல்லது சர்க்கரை வருமானத்தில் மட்டும் எழுபத்தைந்து சதவீதம் கரும்புக்குப் போகவேண்டும் என்றது. கர்நாடகம் 2013-இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் துணைப்பொருள் என்று எழுதப்படுவது சக்கை, மொலாசஸ் என்ற கழிவுப்பாகு, பிரஸ்மட் என்ற ஆலைச் சேறு. யூனிட் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

மொரீஷியஸ் தீவில் நம் முன்னோர் வெட்டிய கரும்பும் மின்சாரமாகிறது. அங்கே 1980-களிலேயே சக்கைக்கென ஒரு நிதி ஏற்படுத்தி, மின்சாரத்துக்குப் போகும் சக்கையின் பணத்தில் கரும்பு பயிரிடுவோருக்கும் பங்கு தந்தார்கள். சிறு நிலக்காரர்களுக்கும் அது போனது. தொகை பெரிதா சிறிதா என்பதில் அங்கேயும் சண்டை உண்டு. ஆனால் பங்கு உண்டா இல்லையா என்ற கேள்வி முடிந்துபோனது.

ஆலைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 150 கோடி கடனும் அவர்களுடையது, நூறு நாளில் அரவை நின்றால் வரும் நஷ்டமும் அவர்களுடையது. நானூறு ரூபாயையும் கொடு என்று யாரும் கேட்க முடியாது. என் கணக்குப்படி 160 நாள் ஓடிய ஆண்டில், கடன்செலவு போக டன்னுக்கு நூற்று நாற்பது ரூபாய்போல மிஞ்சும். நூறு நாள் ஆண்டில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பங்கு நிலையான தொகையாக இருக்க முடியாது. ஓடிய நாளோடும் விற்ற யூனிட்டோடும் ஏறி இறங்க வேண்டும். அதற்கு முதலில் எத்தனை யூனிட் போனது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் பெளகாவிப் பக்கம், வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் போக டன்னுக்கு 3,500 ரூபாய் கேட்டு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தபோது, மாநில அரசு தலையிட்டு 3,300-இல் பேசி முடித்தது. அந்தப் பேரம் பெரும்பாலும் சர்க்கரை விலையை வைத்தே நடந்தது. அதே நாள்களில் ஆலைகளின் சப்ஸ்டேஷன்களில் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்த ஆண்டு பொங்கலுக்கு முன் அந்த ஊருக்குப் போயிருந்தேன். இந்தக் கணக்கைக் கன்னடத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். பழைய விவசாயியைக் காண முடியவில்லை. அவர் மகன் இருந்தார். தாளை இரண்டு முறை படித்தார். "சார், இந்த நூறு யூனிட்டை நாங்க எந்த மீட்டர்ல போய்ப் பாக்கறது?" என்றார். ஆலை வாசலில் எடைமேடைக்கு மேலே ஒரு பெரிய எண்பலகை இருக்கிறது. வண்டி ஏறி நின்றதும் சிவப்பு எழுத்தில் எடை விழும். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஒரு காலத்தில் அந்தப் பலகையும் கிடையாது, போராடித்தான் வந்தது. ஏற்றுமதி மீட்டரின் அளவு மாதாமாதம் மின் நிறுவனத்துக்குப் போகிறது, பில்லாகிறது, பணமாகிறது. அந்த எண்ணை அதே பலகைக்குப் பக்கத்தில், நாள்தோறும் இன்னொரு பலகையில் போட ஒரு நாள் வேலை போதும். அந்த வயரிங்கை எப்படிச் செய்வது என்று அவருக்குத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன்.